ஓமான் பாலைக்கரையில் முகாம்: போகுமுன் தெரிய வேண்டியவை

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களிடம், குளிர்காலத்தில் நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்க எங்கே போகலாம் என்று கேட்டால் அல் கலூஃப் என்ற பெயர் சீக்கிரமே வந்துவிடும். தெற்கே ஐந்தாறு மணி நேரப் பயணம். அரபிக்கடலோரத்தில் சின்ன மீனவ ஊர். அதைத் தாண்டினால் வெள்ளை மணல்மேடுகள் கடல் வரைக்கும் இறங்கி நிற்கும். இவற்றுக்கு ‘சுகர் டியூன்ஸ்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. கடைகண்ணி, விடுதி என்று எதையும் நம்பிப் போகிற இடமல்ல இது.

முதல்முறை போகிறவர்கள் மணல்மேட்டைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். இந்தக் கரையில் ஆளைக் கவிழ்ப்பவை வேறு இரண்டு: சமதளமாகத் தெரியும் உப்புத் தரை, நேரம் பார்த்து ஏறும் கடல்.

உப்புத் தரையை அரபியில் ‘சப்கா’ என்பார்கள். அல் கலூஃபுக்கு அருகே மசீரா தீவை நோக்கி நீண்டிருக்கும் பர் அல் ஹிக்மான் தீபகற்பத்தின் பெரும்பகுதி இதுதான். மேலே காய்ந்து வெளுத்து, கிரிக்கெட் ஆடலாம் போலிருக்கும். அந்த ஓடு பல இடங்களில் சில அங்குலக் கனம்தான். அடியில் உப்புநீர் ஊறிய சேறு. கடல்நீர் தரைக்கடியில் ஊறி மேலேறி, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் மேலே விட்டுச் செல்வதால் உண்டாகும் தரை இது. வண்டி இறங்கினால் வயிறு தரையைத் தொடும்வரை அமிழும். மணலில் மாட்டிய வண்டியை அரை மணியில் எடுத்துவிடலாம். சப்காவில் மாட்டியதை எடுக்க ஒரு நாளே போகலாம். ஏற்கனவே வண்டிகள் போன தடத்தை விட்டு ஒரு மீட்டர்கூட விலகாதீர்கள். தரை கருத்து ஈரமாகத் தெரிந்தால், தடம் இருந்தாலும் இறங்கி நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். மழை பெய்த வாரத்தில் அந்தப் பக்கமே வேண்டாம்.

அடுத்தது ஓதம். கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று மாலை நான்கு மணிக்கு அகலமாகக் கிடந்த கரை இன்றும் அதே நான்கு மணிக்கு அப்படியே கிடக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் அதிகம். ஓத அட்டவணையைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்னலை நம்ப முடியாது. நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரையில் இறங்கி, திரும்ப ஏறத் தொடங்குமுன் வெளியேறுவதுதான் முறை. ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் கடல் என்று குறுகும் இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால், கிளம்பும்போது வழி இருக்காது.

இப்போது மணலுக்கு வருவோம். தார்ச்சாலையில் டயர்க் காற்று 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். மணலில் இறங்குமுன் அதை 15 முதல் 18 வரை குறைக்க வேண்டும். ஒட்டகத்தின் பாதம் ஊன்றும்போது விரிந்து கொடுப்பதால்தான் அது மணலில் புதைவதில்லை. காற்று குறைந்த டயரும் அதேபோல நீளவாக்கில் படிந்து எடையைப் பரப்புகிறது. பெரிய எஞ்சினைவிட இதுதான் வண்டியைக் காப்பாற்றும். குறைந்த காற்றில் வேகமாகப் போய் சட்டென்று வளைக்காதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் காற்று நிரப்பக் கம்ப்ரசர் இல்லாமல் புறப்படவே வேண்டாம்.

சக்கரம் சுழல ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தச் சொல்லி பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். “மச்சான், காலை எடுடா” என்று சொல்கிறவர்தான் விஷயம் தெரிந்தவர். சுழலும் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்கிறது. நிறுத்தி, இறங்கி, சக்கரங்களைச் சுற்றியும் வண்டியின் அடியிலும் உள்ள மணலை மண்வெட்டியால் வழித்தெடுங்கள். காற்றை இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். பாதித் தடவை இதுவே போதும்.

கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தால், சட்டத்தோடு பிணைந்த இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் கட்டவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு கண்ணாடியை உடைத்துப் பாய்ந்து, உள்ளே இருந்தவர்கள் இறந்த விபத்துகள் உண்டு. இழுக்கும்போது மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கட்டும். இழுக்க இன்னொரு வண்டி வேண்டும் என்பதால்தான் ஒற்றை வண்டியில் போகக்கூடாது என்கிறோம். வாடகை வண்டி என்றால் மணலில் ஓட்டக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது.

பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்தக் கரையைப் புரட்டி எடுக்கும். அந்தக் காற்றுதான் ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவந்து இந்தக் கடலை மீன்வளம் மிக்கதாக்குகிறது. ஆனால் முகாமுக்கு ஆகாது. குளிர்காலத்திலும் மாலையில் காற்று வீசும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் மணலில் நிற்காது. பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, இரண்டடி ஆழத்தில் புதைத்தால் அசையாது. இரவில் பனி கொட்டும்; போர்வையும் செருப்பும் உள்ளே இருக்கட்டும். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு வையுங்கள். பெட்ரோலை வழியில் உள்ள ஹிஜ் ஊரிலேயே முழுக்க நிரப்பிவிடுங்கள். விறகும் கையோடு வர வேண்டும். பாலையில் நிற்கும் காஃப் மரம் ஒன்று வளரப் பல ஆண்டுகள் ஆகும், அதில் கை வைக்காதீர்கள்.

அல் கலூஃப் மீனவர்கள் படகுகளைப் பழைய பிக்கப் வண்டிகளில் கட்டிக் கரையேற்றுவார்கள். அந்த நேரத்தில் குறுக்கே போகாமல், மணலில் கிடக்கும் வலைமேல் வண்டியை ஏற்றாமல், சலாம் சொல்லிப் போனால் காஃபி கிடைக்கும். எந்த வழி ஈரம் என்ற தகவலும் கிடைக்கும். பர் அல் ஹிக்மானின் சேற்றுத்திட்டுகளில் குளிர்காலத்தில் லட்சக்கணக்கான வலசைப் பறவைகள் இரை தேடும், அவற்றைக் கலைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஆமை முட்டையிடும் கரைகளில் தங்கவும் கூடாது, விளக்கடிக்கவும் கூடாது.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஓமானில் அவசர உதவி எண் 9999. திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவுங்கள், உப்பு துருவாக மாற அதிக நாள் ஆகாது. இதுவரை மணலில் ஓட்டியிராதவர்கள் தனியாக முயல வேண்டாம். பழகியவர் ஒருவர் முன்வண்டியில் இருந்தால் மட்டும் கிளம்புங்கள்.