தாமார் கதையையும் சொல்லுங்கள்

எங்கள் சபைகளில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதல் திருவிருந்து எடுக்குமுன் படிப்பது திடப்படுத்தல் வகுப்பு. பாளையங்கோட்டையில் பெண் பிள்ளைகளுக்கு அதை நான் எடுக்கிறேன். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் எல்லாம் முடிந்ததும் காணிக்கைப் பையைச் சுற்றுக்கு விடுவேன். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம்.

"டியூஷன்ல ஒரு அண்ணனப் பாத்தா படிப்பே ஓட மாட்டேங்கு. பாவமா அக்கா?" என்று ஒரு சீட்டு வரும். "இன்ஸ்டா பாஸ்வேர்டு கேக்கான், குடுக்கலன்னா லவ்வே இல்லங்கான்" என்று இன்னொன்று வரும். முதலாவது வயசுக் கோளாறு. இரண்டாவது ஆபத்து. நம் வாலிபர் கூட்டப் பிரசங்கங்களோ இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகின்றன.

உடம்பை மட்டுமல்ல, மனசையும் கல்யாணத்துக்கென்று பத்திரமாக வை, கற்பனையில்கூட ஒருவனை நினைக்காதே என்பது அந்தப் பிரசங்கங்களின் சாரம். (கற்பைப் பற்றிப் பெண்களுக்குச் சொல்ல நமக்கு வெளியூர் ஆள் தேவையா என்ன!) ஆனாலும் இந்த வடிவம் அமெரிக்காவில் பிரபலமானது. 1993-ல் அங்கே 'ட்ரூ லவ் வெய்ட்ஸ்' இயக்கம் தொடங்கி, கல்யாணம்வரை காத்திருப்பேன் என்று பிள்ளைகளிடம் அட்டையில் கையெழுத்து வாங்கியது. மறுவருஷமே வாஷிங்டன் புல்வெளியில் 2 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளை நட்டு வைத்தார்கள். 1997-ல் ஜோஷுவா ஹாரிஸ் என்ற கல்யாணமாகாத இளைஞர் 'ஐ கிஸ்டு டேட்டிங் குட்பை' என்று புத்தகம் எழுதினார். 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதைப் படித்து வளர்ந்தவர்களில் பலர், ஒருவரைப் பிடித்துப்போனதற்கே குற்றவாளிபோல் கூனிக்குறுகியதாகப் பின்னாளில் சொன்னார்கள். 2018-ல் ஹாரிஸே தன் புத்தகம் தவறென்று ஒப்புக்கொண்டு பதிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இருதயத்தைக் காத்துக்கொள் என்று நீதிமொழிகள் 4:23 சொல்கிறது, நல்ல புத்திதான். ஆனால் அது தகப்பன் மகனுக்குச் சொன்னது. பெண் பிள்ளைகளிடம் மட்டும் அதை நீட்டுவானேன்?

ஞாயிறு பள்ளியில் யாரும் தொடாத ஒரு கதையை நான் சொல்லிக்கொடுக்கிறேன். 2 சாமுவேல் 13. தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கைமுறையான தாமார்மேல் ஆசைப்பட்டு மெலிந்துபோகிறான். பார்ப்பவர்களுக்கு அது காதல்போலத்தான் இருக்கும். சுகமில்லாதவன்போல் படுத்துக்கொண்டு, பணியாரம் சுட்டுத்தரச் சொல்லி அவளை வரவழைக்கிறான். அவன் கண்முன்னே மாவு பிசைந்து சுடுகிறாள். கையைப் பிடிக்கிறான். வேண்டாம் என்கிறாள், காரணமும் சொல்கிறாள். அவன் கேட்கவில்லை. பலவந்தம் செய்து முடித்ததும், நேசித்ததைவிட அதிகமாய் வெறுத்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம், சும்மா இரு என்று அவள் வாயை அடைக்கிறான். தகப்பனுக்குக் கோபம் வந்தது. மகனை ஒன்றும் செய்யவில்லை.

வகுப்பில் அப்போது ஈ பறந்தால்கூடக் கேட்கும். பிறகு ஒரு பிள்ளை மெதுவாக, "அவ கரெக்டாத்தான பேசுனா, அக்கா?" என்று கேட்டாள். கரெக்டாகத்தான் பேசினாள். ஒருவன் உன்னை நேசிக்கிறானா என்பதைக் கவிதையிலும் கண்ணீரிலும் தேடாதே, 'வேண்டாம்' என்றால் நிறுத்துகிறானா பார் என்று சொன்னேன். உன் தோழிகளிடமிருந்து பிரிக்கிறானா, போனைப் பிடுங்கிப் பார்க்கிறானா, வீட்டுக்குத் தெரியக்கூடாது என்கிறானா, அதையும் பார்.

பிடித்துப்போவதே பாவம் என்று பிள்ளை நம்பிவிட்டால், நாளைக்கு ஒருவன் படத்தை வைத்து மிரட்டும்போது நம்மிடம் வாய் திறக்க மாட்டாள். 'என் தப்புதானே' என்று உள்ளேயே புழுங்குவாள். தாய்மாரே, ஆயர்மாரே, அப்சலோம் வேலையை நாம் செய்ய வேண்டாம். 18 வயது நிரம்பாத பிள்ளையை ஆபாசப் படம் காட்டி மிரட்டுவது, படம் உண்மையானாலும் போலியானாலும், போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.