தாடிக்கொம்பில் ஒரு முழுப் பகல்

தாடிக்கொம்புக்குப் போவதாக இருந்தால் தேய்பிறை அஷ்டமியன்று போக வேண்டாம். அன்று அங்குள்ள பெருமாள் கோவிலின் சொர்ண ஆகர்ஷண பைரவரைத் தேடி வருகிற கூட்டம் பெரிது. வேறொரு வாரநாளில், காலைப் பூஜை நெரிசல் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் கொஞ்ச தூரம்தான்.

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகள் திண்டுக்கல்லில் பிரியாணிக்கு நிற்கும். கை கழுவியதும் கிளம்பிவிடும். பக்கத்துத் தாடிக்கொம்பில், குடகனாற்றங்கரையில் சௌந்தரராஜப் பெருமாள் இருப்பது பலருக்குத் தெரியாமலே போகிறது. அது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

காரணம், அங்குள்ள ரங்க மண்டபம். தூணோடு தூணாகச் செதுக்கிய பெரும் சிற்பங்கள். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், உலகளந்த பெருமாள், கருடன்மேல் திருமால், ரதி, மன்மதன். இவர்களோடு அகோர வீரபத்திரரும் ஊர்த்துவ தாண்டவரும் காளியும் நிற்கிறார்கள், பெருமாள் கோவிலுக்குள்! மதுரையில் தாண்டவரையும் காளியையும் நெரிசலில் கழுத்தை நீட்டிப் பார்த்திருப்பீர்கள். இங்கே தரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஒரு சிலைக்குக் கால்மணி நேரமாவது கொடுங்கள். முதலில் ஆயுதமும் அணிகலனும்தான் கண்ணில் படும். பிறகுதான் ஊன்றிய காலில் இறங்கும் பாரமும், விரல் மடங்கியிருக்கும் விதமும் தெரியவரும். செல்போனில் படம் பிடித்துக்கொண்டே நடப்பவருக்கு இது கிட்டாது.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். பலர் சலித்துக்கொள்ளும் அந்த இடைவேளைதான் எனக்குப் பிடித்தது. ஆற்றுப் பக்கம் நடக்கலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குகிற இந்தக் குடகனாறு, மேற்கு மலைகளில் பிறந்து வேடசந்தூர் வழியாக அமராவதியில் சேர்வது. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். தண்ணீர்ப் பங்கீட்டுக்காக ஆற்றோர ஊர்கள் சண்டையிட்டதும், தோல் தொழிற்சாலைக் கழிவு சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் கெடுத்ததும் இந்த மாவட்டத்தின் கதைகள். தரிசனத்துக்கு வந்தவர் அதையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். மாலையில் நடை திறந்ததும் மண்டபத்துக்குத் திரும்புங்கள். வெளிச்சம் மாறியிருக்கும், முகங்களும் மாறியிருக்கும்.

இன்னொரு நாள் இருந்தால் திண்டுக்கல் மலைக்கோட்டை. பாறையில் நிழல் கிடையாது, காலையிலேயே ஏறிவிடுங்கள். உச்சியில் இருக்கும் கோவிலின் கருவறையில் மூலவர் இல்லை. அபிராமி அம்மனைக் கீழே ஊருக்குள் வணங்குகிறார்கள். அந்த வெற்றுக் கருவறைக்கு முன்னால் என்ன தோன்றுகிறதோ அது அவரவர் பாடு. இறங்கியதும் பேகம்பூர் பள்ளிவாசல். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது. அவர் பெயரால்தான் அந்தப் பகுதியே பேகம்பூர்.

பழனி சாலையில் ரெட்டியார்சத்திரம் பக்கம் கோபிநாதசாமி மலை. மாடு கன்றுகள் நலமாக இருக்க வேண்டிக்கொண்டு விவசாயிகள் பாலோடு படியேறும் கோவில் அது. அங்கே கேட்கத் தெரிந்தால் கறவை பற்றியும் தீவனம் பற்றியும் மழை பற்றியும் எவ்வளவோ கேட்கலாம்.

தை மாதத்தில் போனால் இதே சாலையில் பாதயாத்திரைக்காரர்களைப் பார்ப்பீர்கள். செட்டிநாட்டிலிருந்து காவடியோடு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார்களுக்கு இது பல தலைமுறைப் பழக்கம். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அடுத்த ஊர் வரையாவது அவர்களோடு நடந்து பாருங்கள்.