மொகஞ்சதாரோவை அரிக்கும் உப்பு

சிந்து நதியின் வலக்கரையில், பாக்கிஸ்தானின் லார்க்கானா மாவட்டத்திலே, மொகஞ்சதாரோ என்னும் மேடு உளது. 'இறந்தோர் மேடு' என்பது அப்பெயருக்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். அங்கு வாழ்ந்த மாந்தர் தம் நகரை எப்பெயரால் வழங்கினர் என்பதை எவரும் அறியார். 1922ஆம் ஆண்டிலே ஆர். டி. பனர்ஜி என்னும் வங்காள அறிஞர், மேட்டின் உச்சியிலுள்ள பௌத்த தூபியை ஆராயப் புகுந்தபோது, அதனினும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட நகரொன்றின் சான்றுகளைக் கண்டார். அதற்கு முந்திய ஆண்டிற் பஞ்சாபிலுள்ள ஹரப்பாவிலே தயாராம் சாஹ்னி அகழ்வு தொடங்கியிருந்தார். ஈரிடத்தும் ஒத்த முத்திரைகள் கிடைத்தமையால், 1924ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் திகதி சேர் யோன் மார்ஷல் இலண்டன் பத்திரிகையொன்றின் வாயிலாகச் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார்.

ஹரப்பா அதற்கு முன்னரே பெருஞ் சேதமுற்றுவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாகூர் - முல்தான் புகையிரதப் பாதையை அமைத்தோர், அந்நகரின் செங்கற்களை வாரிச் சென்று தண்டவாளங்களின் கீழ் இட்டனர். ஏறத்தாழ நூறு மைல் நீளத்துக்கு அவை போதியனவாயின என அலெக்சாந்தர் கன்னிங்காம் எழுதியுள்ளார். மொகஞ்சதாரோ புகையிரதத்துக்குத் தப்பியது; அதற்கு வந்த பகை வேறு.

இந்நகரின் செங்கற்கள் உயரம், அகலம், நீளம் என்பவற்றில் 1 : 2 : 4 என்னும் விகிதத்தின. தெருக்கள் நேராக ஓடின. வீடுகளின் கழிவுநீர் தெருவோரத்து மூடிய வடிகால்களிற் சேர்ந்தது. பெருங்குளம் 39 அடி நீளமும் 23 அடி அகலமும் 8 அடி ஆழமும் உடையது. நீர் கசியாவண்ணம் அதன் சுவர்ப்புறத்தில் நிலக்கீல் பூசியிருந்தனர். எகிப்திலும் சுமேரியாவிலும் அரசரின் கல்லறைகளும் கோயில்களும் முன்னிற்க, இங்கோ அரண்மனையென்றோ கோயிலென்றோ ஐயமறக் கூறத்தக்க கட்டடம் ஒன்றேனும் கிடைத்திலது. இத்துணை ஒழுங்கைக் காத்தவர் யார்? அரசனா, வணிகர் குழுவா, குருமாரா? விடை கூற வேண்டிய எழுத்தோ வாய்திறக்கவில்லை.

எழுத்துப் பொறித்த பொருள்கள் ஏறக்குறைய நான்காயிரம் கிடைத்துள்ளன. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளை வகுத்தார். ஆயின் ஒரு பொறிப்பிற் சராசரியாக ஐந்து குறிகளே உள. ஐந்து குறிகளைக் கொண்டு ஒரு மொழியின் இலக்கணத்தைக் காண்பது எளிதன்று. ஹீராஸ் பாதிரியார், பர்போலா, மகாதேவன் முதலியோர் இதனைத் திராவிட மொழியெனக் கொண்டனர். மீன் வடிவக் குறி விண்மீனையும் சுட்டும் என்பது அவர்தம் வாதங்களுட் பெரிதும் அறியப்பட்டது. அது தமிழ்ச் செவிக்கு இனியதே. ஆயினும் 2004இல் வேறு சில அறிஞர் அவை மொழியைக் குறிக்கும் எழுத்தே அல்ல என்றும் வாதித்தனர். 2025ஆம் ஆண்டு சனவரியிலே தமிழ்நாட்டரசு இவ்வெழுத்தைத் தெளிவாக வாசிப்போர்க்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. கொம்பணிந்து, யோக நிலையில், விலங்குகள் சூழ இருக்கும் முத்திரை உருவத்தை மார்ஷல் சிவபெருமானின் முன்னை வடிவமென்றார். சைவர் அக்கருத்தை உவந்தேற்பது இயல்பே. எனினும் அதன் மேலுள்ள எழுத்து வாசிக்கப்படும் வரை அது கருத்தேயன்றி முடிபாகாது.

இனி உப்பைப் பற்றிக் கூறுவாம். மண்ணுள் மூடிக்கிடந்த நாலாயிரம் ஆண்டுகளிற் செங்கற்கள் பெரிதும் அழியாதிருந்தன. அகழ்ந்து வெயிலிற் காட்டிய பின்னரே கேடு விரைந்தது. 1932இற் சுக்கூர் அணைக்கட்டு முற்றுப்பெற, வயல்களுக்குப் பாய்ந்த நீரால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்நீர் சுவர்களில் ஏறும். வெயிலில் நீர் ஆவியாக, அதிற் கரைந்திருந்த உப்பு செங்கல்லுள் தங்கும். அவ்வுப்பிற் பெரும்பகுதி சோடியஞ் சல்பேற்று. அது உலர்ந்த நிலையில் தூளாய் இருப்பது; குளிரும் ஈரமும் சேர்ந்தால் பத்துப் பங்கு நீரை ஏற்றுப் பளிங்காகி, கனவளவில் மும்மடங்குக்கு மேற் பெருக்கும். சிந்து நாட்டிற் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் பெரிதும் வேறுபடுதலின், செங்கல்லின் நுண்டுளைகளுள்ளே இவ்விரிவும் சுருக்கமும் ஓயாது நிகழ்கின்றன. ஈற்றில் செங்கல் மாவாய் உதிர்கின்றது.

1964இல் பிளெண்டர்லீத் என்னும் நிபுணர் யுனெஸ்கோவுக்காக இதனை ஆராய்ந்தார். 1974 முதல் 1997 வரை பல நாடுகளின் பொருளுதவியுடன் காப்புப்பணி நடந்தது. குழாய்க்கிணறுகள் அமைத்து நீரை இறைத்தனர். ஆற்றைத் தடுக்கக் கரை கட்டினர். நீர்மட்டம் தாழ்ந்தும் உப்பு சுவரைவிட்டு அகலவில்லை. காற்றின் ஈரமும் மழையுமே அதற்குப் போதியனவாயின. ஆகவே பெரும்பயன் தந்தது எளிய முறையொன்றே: உப்பற்ற மண்ணைக் குழைத்துச் சுவரிற் பூசுவர், உப்பு அப்பூச்சுக்குள் வந்து படியும், பூச்சு உதிர்ந்ததும் மீண்டும் பூசுவர். இது முடிவில்லாத வேலை. தொழிலாளர் கைவிட்ட ஓராண்டு சுவருக்கு இழப்பாகும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பெருமழை இப்பூச்சைக் கரைத்துச் சில சுவர்களையும் சரித்தது.

மனிதரால் நேர்ந்த சேதமும் உண்டு. 1947இல் நாடு பிரிந்தபோது, இந்நகரிற் கிடைத்த பொன்னும் பச்சைக்கல்லும் கோத்த ஆரமொன்றை மணி மணியாகப் பிரித்து இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன.

நகரின் மூன்றிலொரு பங்கே இதுவரை அகழப்பட்டுள்ளது. 1964-65இல் யோர்ஜ் டேல்ஸ் துளையிட்டுப் பார்த்தபோது, நீர்மட்டத்தின் கீழும் மக்கள் வாழ்ந்த படைகள் ஆழமாகச் செல்வதைக் கண்டார். அதன்பின் அங்குப் பேரகழ்வு நடைபெறவில்லை. நகரம் எவ்வாறு தோன்றியது, அதன் எழுத்து முதலில் எவ்வடிவில் இருந்தது என்பவற்றுக்கான சான்று அப்படைகளிலேயே இருத்தல் கூடும். நீரை இறைக்காது அவற்றை அகழ இயலாது. அகழ்ந்தாலோ, புதிதாக வெளிப்படும் சுவர்களையும் உப்புப் பற்றும்.