காகிதப் பிறையும் வானத்துப் பிறையும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் கூடும் லட்சக்கணக்கான மக்களின் கண்கள் மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். அதே மலை, ரமலான் மாதத்தின் 29-ஆம் நாள் மாலையில், அவ்வூர் முஸ்லிம் குழந்தைகளுக்கு ஒரு பெரிய திரையாகிவிடுகிறது! கோயிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் மலைக்குக் கிழக்கே இருக்கின்றன. முதற்பிறையோ, சூரியன் மறைந்தபின் மேற்கு வானத்தின் அடியில் சிறிது நேரம் தோன்றி மறைந்துவிடும். 814 மீட்டர் உயர மலை குறுக்கே நின்றால், அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே, பிறை கண்ட செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும். தமிழ்நாடு அரசின் தலைமை காஜி அறிவிக்கும் வரையில், மறுநாள் பெருநாளா, இன்னும் ஒரு நோன்பா என்பது நிச்சயமில்லை. பெரியவர்கள் பொறுத்திருப்பார்கள், புதுச் சட்டையை எடுத்து வைத்துவிட்ட குழந்தை பொறுக்குமா?

அதற்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க ஒரு கத்தரிக்கோலும் கொஞ்சம் வர்ணக் காகிதமும் போதும்.

மாதம் பிறக்கும் முன்பே, ஓர் அங்குல அகலமும் எட்டு அங்குல நீளமுமாக 30 துண்டுகள் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினால் பசை தயார். அடுப்பு வேலையை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். தினந்தோறும் நோன்பு திறந்து கஞ்சி குடித்தானதும், குழந்தை ஒரு துண்டை வளையமாக ஒட்ட வேண்டும். மறுநாள் துண்டை அதற்குள் நுழைத்து ஒட்டினால் சங்கிலி நீளும். எத்தனை நோன்பு ஆயிற்று என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வளையங்களை எண்ணினால் போதும்.

சங்கதி 30-வது துண்டில்தான் இருக்கிறது. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே சுமார் இருபத்தொன்பதரை நாள். ஆதலால் மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம். பிறை தெரிந்தால் அந்தத் துண்டுக்கு வேலையில்லை. தெரியாவிட்டால் அதையும் ஒட்டிவிட்டுத்தான் பெருநாள்! 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மார்ச் 2-ந் தேதி தொடங்கிய நோன்பு 29 நாளில் நிறைவுற்று, 31-ந் தேதி பெருநாள் வந்தது.

சங்கிலியின் நடுவே தொங்கவிட ஒரு பிறை வேண்டாமா? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போட வேண்டும். கிண்ணத்தைச் சற்று நகர்த்தி மறுபடியும் கோடு போட்டு வெட்டினால் பிறை கிடைக்கும். மேலே ஜிகினாக் காகிதம் ஒட்டினால் பளபளக்கும்.

இதைப் படங்களில் உள்ளதுபோல் நிமிர்த்தி மாட்டுவதே பலருக்கும் வழக்கம். ஆனால் மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டு வானத்தில் முதற்பிறை அப்படி நிற்பதில்லை. இரு கொம்புகளும் மேலே நோக்க, படகுபோல் மிதக்கும். செப்டம்பரில் சற்றுச் சாய்ந்திருக்கும். ரமலான் மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னதாக வந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. ஆகையால் பிறையின் இரு கொம்புகளிலும் நூல் கட்டித் தொங்கவிட்டால், எந்தப் பருவத்துக்கு எவ்வளவு சாய்வோ அவ்வளவு சாய்த்துக்கொள்ளலாம்.

சாய்வு சரிதானா என்று பார்க்க வானத்தைத்தான் பார்க்க வேண்டும். முதல் நாள் மலை மறைத்தாலும், மறுநாள் மாலையில் பிறை கொஞ்சம் தடித்து, இன்னும் உயரத்தில் நிற்கும். அப்பாவுக்கு ஓய்விருந்தால், மலைக்கு அந்தப் பக்கம், அடிஅண்ணாமலைப் பக்கமாகக் குழந்தையை அழைத்துச் செல்லலாம். அங்கே மேற்கு வானத்துக்கு முன்னால் அந்த மலை இல்லை. கையில் உள்ள காகிதப் பிறையை உயர்த்திப் பிடித்து, மேலே உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் குழந்தை அந்தப் பெருநாளை எளிதில் மறக்காது.