கைத்தெளிப்பான் ஒழுகுகிறதா? மருந்தை மாற்றுமுன் வாஷரை மாற்றுங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வருடமாக ஓடும் 16 லிட்டர் கைத்தெளிப்பான். லீவரை எவ்வளவு அடித்தாலும் மருந்து புகையாகப் பிரியாமல் ஒழுகலாக விழுகிறதாம். முதுகு நனைகிறது, தக்காளியில் புழுவும் அடங்கவில்லை. இதைவிட வீரியமான மருந்து எது என்பது அவர் கேள்வி.

மருந்து இருக்கட்டும் ஐயா, முதலில் மெஷினைக் கழற்றிப் பாருங்கள். வாஷர், நாசில், சல்லடை, குண்டு வால்வு என நாலைந்து சின்னச் சாமான்களில்தான் கோளாறு இருக்கும். ஒரு ஸ்பேனரும் ஒரு மணி நேரமும் இருந்தால் திண்ணையிலேயே சரி செய்துவிடலாம்.

டேங்கைக் காலி செய்து, டிரிக்கரை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

லீவர் லேசாகப் போகிறது, அழுத்தமே ஏறவில்லை என்றால் பிஸ்டனில் உள்ள கிண்ண வாஷர் தேய்ந்திருக்கும். புது வாஷரை, பழையது எந்தப் பக்கம் வாய் வைத்திருந்ததோ அதே பக்கம் வைத்து மாட்டுங்கள். தோல் வாஷர் என்றால் முந்தின இரவே எண்ணெயில் ஊறப் போட வேண்டும். காய்ந்த தோல் சிலிண்டரோடு ஒட்டி நிற்காது. அடிப்பதை நிறுத்தியதும் அழுத்தம் சட்டென இறங்கினால் குண்டு வால்வில் மண் சிக்கியிருக்கலாம். கழுவினாலே பெரும்பாலும் சரியாகும். லீவர் கனமாக இருந்து மருந்து மட்டும் குறைவாக வந்தால் சல்லடையோ நாசிலோ அடைத்திருக்கிறது.

முதுகு நனைவதற்கு மூடியின் ரப்பர் வளையம், பம்ப் தண்டைச் சுற்றிய நட்டு, ஹோஸ் மூட்டு இந்த மூன்றையும் பாருங்கள். மூடியில் உள்ள சிறு காற்றுத் துளையை ஒழுகுகிறதென்று மெழுகு வைத்து அடைத்துவிடாதீர்கள். காற்று உள்ளே போகாவிட்டால் பம்ப் மருந்தை இழுக்காது.

இனி நாசில். பலரும் கவனிக்காதது இதைத்தான். புதிய நாசிலும் பழையதும் ஒன்றுபோலத்தான் தெரியும், அளந்தால்தான் வித்தியாசம் புரியும். டேங்கில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரே சீராக லீவர் அடித்து, ஒரு நிமிடம் வரும் தண்ணீரை அளவு ஜாடியில் பிடியுங்கள். அதே வகைப் புது நாசிலை மாட்டி மறுபடி பிடியுங்கள். புதியதைவிடப் பழையது 10 சதவீதத்துக்கு மேல் அதிகம் ஊற்றினால் அதைத் தூக்கிப் போடுங்கள். புதியது நிமிடத்துக்கு 500 மில்லி தந்து பழையது 600 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நடையில் 10 டேங்க்கில் முடிய வேண்டிய தோட்டம் 12 டேங்க் கேட்கும். டேங்குக்கு 10 மில்லி என்றால் 100 மில்லி போதுமான இடத்தில் 120 மில்லி போகிறது. அதிலும் துளி பெரிதாகி, இலையில் நிற்காமல் வழிந்து மண்ணில் விழுகிறது. காசு கூடுதல், புழு மட்டும் சாகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு தோட்டத்தில் அடைத்த நாசிலைக் குண்டூசியால் குத்திக் காட்டினேன். அடைப்பு போனது, துளையும் கோணலானது. பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வாயால் ஊதுவது அதைவிட ஆபத்து.

நம் பக்கம் மக்காச்சோளமும் தக்காளியும் அடுத்தடுத்த வயலில் நிற்கின்றன. சோளத்தில் 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்க்கில் தக்காளிக்கு மருந்து கலந்தால், ஹோஸிலும் வாஷரிலும் ஊறி நின்ற மிச்சமே இலையைச் சுருட்டிவிடும். அதை வைரஸ் என்று நினைத்து மேலும் மருந்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வையுங்கள். அதற்கு நாசிலும் வேறு: களைக்கொல்லிக்கு விசிறி நாசில், பூச்சிக்கும் நோய்க்கும் கூம்பு நாசில்.

முதுகில் ஒழுகுவதை அலட்சியமாக எடுக்காதீர்கள். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பாதுகாப்பு உடை இல்லாமல் அடித்ததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மருந்து வாய் வழியாக மட்டும் போவதில்லை, நனைந்த தோல் வழியாகவும் போகும். சட்டை நனைந்தால் அப்போதே டேங்கை இறக்கி, சோப்பு போட்டுக் குளியுங்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப் போட வேண்டாம். துவைக்கிறவர்கள் கையிலும் அதே மருந்துதான் படும். தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், எச்சில் ஊறல் என்று வந்தால் மருந்துப் பாட்டிலை லேபிளோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்து தர முடியும்.

கேட்ட வாசகருக்கு: கிண்ண வாஷர், மூடி வளையம், கூம்பு நாசில் மூன்றையும் மாற்றி, தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். முதுகு நனையாமல், புகை மாதிரி பிரிந்து வந்த பிறகும் புழு அடங்கவில்லை என்றால், கடிபட்ட காயையும் புழுவையும் ஒரு டப்பாவில் போட்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ கொண்டு போங்கள். எந்தப் புழு என்று பார்த்த பிறகு மருந்தைப் பேசலாம்.