"வாப்பா என்னென்ன குளிசை பாவிக்கிறார்?"

வீட்டில் மூத்தவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபடுகிறார். பதறியடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த வைத்தியர், மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கியிருப்பதாகவும் உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றும் கூறுகிறார். அத்தோடு ஒரு கேள்வியும் கேட்கிறார்: "வாப்பா என்னென்ன குளிசை பாவிக்கிறார்?"

உயிர் ஊசலாடும் வேளையில் இது என்ன கேள்வி என்று தோன்றும். ஆனால் சத்திரசிகிச்சையின் வெற்றி தோல்வியே சில வேளை இதற்கான பதிலில்தான் தங்கியிருக்கிறது.

கையிலோ காலிலோ வெட்டுப்பட்டால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தலாம். மூளையை அப்படி அழுத்த முடியாது. மண்டையோடு ஒரு மூடிய பெட்டி போன்றது. உள்ளே இரத்தக்கசிவு கூடினால் மூளை நசுங்கும். எனவே இரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்பதை வைத்தியர் முதலில் அறிய வேண்டும்.

காயமே இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடுவதும் உண்டு. சிதைந்த மூளைத் திசுவிலிருந்து, உறைதலைத் தூண்டும் பொருள் இரத்தத்தில் கலக்கிறது. உறைவதற்கு வேண்டிய புரதங்கள் வீணாகச் செலவாகித் தீர்கின்றன. மூளைக் காயத்துடன் வைத்தியசாலைக்கு வருவோரில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இக்கோளாறு காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. நேரம் செல்லச் செல்ல நிலைமை மாறலாம் என்பதால் பரிசோதனைகளைத் திரும்பவும் செய்வார்கள்.

என்ன பரிசோதனைகள்? குருதிச் சிறுதட்டுகளை எண்ணுகிறார்கள். மூளைச் சத்திரசிகிச்சைக்கு ஒரு மைக்ரோலீட்டருக்கு 1,00,000க்கு மேல் இருப்பது விரும்பத்தக்கது. ஐ.என்.ஆர். என்ற அளவையும் பார்க்கிறார்கள். சாதாரணமாக அது 1 அளவில் இருக்கும். வார்பரின் பாவிப்போருக்குப் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் வைக்கப்படும். குறை தெரிந்தால் விட்டமின் கே, பிளாஸ்மா போன்றவற்றை ஏற்றிச் சரிசெய்வார்கள்.

ஆனால் இப்பரிசோதனைகள் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. அஸ்பிரின் எடுப்பவரின் சிறுதட்டுகள் எண்ணிக்கையில் குறையாமல் இருக்கும், வேலைதான் குன்றியிருக்கும். கடைசிக் குளிசைக்குப் பின்னும் 7 முதல் 10 நாட்கள் வரை அதன் பாதிப்பு நீடிக்கலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் சில புதிய குளிசைகளும் ஐ.என்.ஆரில் தெளிவாகத் தெரிவதில்லை. அதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

நேரமும் முக்கியம். 29 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நோயாளர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. இலேசான, நடுத்தரக் காயமடைந்தோருக்கு 3 மணித்தியாலத்துக்குள் டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை ஏற்றியபோது மரணங்கள் குறைந்தன. மிகக் கடுமையான காயங்களில் அப்பலன் தெளிவாகத் தெரியவில்லை.

ஆகவே, இருதய நோய்க்கோ பாரிசவாதத்துக்கோ மருந்தெடுப்போர் வீட்டில் இருந்தால், குளிசைகளின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பியுடன் வையுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், இத்தகைய குளிசை எடுப்பவரானால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கொப்பியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.