கரும்பு லாரி பாலத்தில் இடிக்காமல் ஆலை போய்ச் சேர...

மார்கழி பிறந்துவிட்டால் நெய்வேலியைச் சுற்றியுள்ள சாலைகளில் லாரி நடமாட்டம் அதிகமாகிவிடும். அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றிய லாரிகள் ஆண்டு முழுவதும் ஓடுபவை. அவற்றோடு நெல்லிக்குப்பம் தனியார் ஆலைக்கும் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் கரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகளும் டிராக்டர்களும் சேர்ந்துகொள்ளும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் லாரிகள் கிளம்பும்.

சாம்பல் லாரியின் உயரம் கம்பெனியில் கட்டும்போதே முடிவானது. அதன் ஓட்டுநருக்கு எந்தப் பாலத்தில் நுழையலாம், எதில் நுழையக்கூடாது என்பது தெரியும். கரும்பு, வைக்கோல் லாரிகள் அப்படியல்ல. இன்று 11 அடி, நாளை 14 அடி. அந்த உயரத்தை முடிவு செய்வது ஓட்டுநர் அல்ல. வயலில் நின்று பாரம் ஏற்றுபவர்களும், ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று சொல்லும் விவசாயியும்தான். தாழ்வான பாலத்தில் லாரி இடிக்கும் விபத்துக்கு வயலிலேயே தொடக்கம் போடப்படுகிறது. அதைத் தடுப்பதும் வயலில்தான் எளிது.

நட்டம் யாருக்கு?

கரும்பை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்பது எல்லாக் கரும்பு விவசாயிக்கும் தெரிந்ததே. நேரம் ஆக ஆகக் கரும்பு காய்ந்து எடை குறையும். சர்க்கரைச் சத்தும் சிதையும். எடை போடுவது ஆலை வாசலில். ஆகவே பாலத்தடியில் லாரி சிக்கி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் விவசாயியின் கணக்கில்தான் கழிகிறது. சாலையில் கொட்டிய கரும்பை மறுபடி ஏற்ற ஆள் கூலி, வேறு லாரி வாடகை என்று செலவு தனி.

சட்டமும் இதில் கண்டிப்பாகவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 93-ஆவது விதிப்படி சரக்கு லாரியின் உயரத்துக்கு வரம்பு உண்டு. நெடுங்காலம் 3.8 மீட்டராக இருந்த இந்த வரம்பு 2020-ல் 4 மீட்டராக உயர்த்தப்பட்டது. அதாவது சுமார் 13 அடி. அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் உயர்ந்தாலோ, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தாலோ 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படிப் பாரத்தை இறக்கும் செலவும் சேரும். ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட வைப்பவரும் அனுமதிப்பவரும் இந்தப் பிரிவுக்குள் வருவார்கள்.

கேட் மூடி, சுரங்கப்பாதை வந்தது

கடலூர் துறைமுகத்திலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் செல்லும் ரயில் பாதை, பல கிராமங்களின் வயலுக்கும் ஊருக்கும் நடுவே போகிறது. முன்பு இத்தகைய பாதைகளை மாட்டு வண்டியும் டிராக்டரும் ரயில்வே கேட் வழியாகத்தான் கடந்தன. நாடு முழுவதும் அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்கள் 2019 ஜனவரியோடு நீக்கப்பட்டன. ஆள் உள்ள கேட்களும் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் மூவர் இறந்ததை இந்த மாவட்டத்து மக்கள் மறக்க முடியாது. கேட் இல்லாமல் கடப்பதே பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் கேட் இருந்த இடத்தில் பெரும்பாலும் வருவது உயரம் குறைந்த சுரங்கப்பாதை. கார், ஆட்டோ, காலி டிராக்டர் தாராளமாகப் போகும். கரும்பு ஏற்றிய லாரி போகுமா என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு பாதையில் பல ஆண்டுகள் பாரம் ஏற்றிச் சென்றவர்கள் பழைய நினைப்பிலேயே நுழைந்துவிடுவது விபத்துக்கு முக்கியக் காரணம்.

பாரத்தின் உயரத்தைக் கணக்கிடும் முறை

வெட்டு ஆணை வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வயலிலிருந்து ஆலை வரை உள்ள பாதையை ஒரு முறை பைக்கில் சென்று பார்ப்பது. சுரங்கப்பாதை, பழைய வளைவுப் பாலம், மின்கம்பி, மரக்கிளை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு வட்டத்துக்குள் மேலும் கீழும் முக்கோணம் போட்டு நடுவில் எண் எழுதிய பலகை, உயர வரம்பைக் குறிக்கிறது. அந்த எண் மீட்டரில் இருக்கும். அதை அடி என்று நினைத்துக் குழம்பக்கூடாது.

ஓர் உதாரணம். பாலத்தில் 3.6 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. லாரி குலுங்குவதற்கும் மேடு பள்ளத்துக்கும் 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி இடைவெளி விட வேண்டும். மீதம் 3.3 மீட்டர். லாரியின் தளம் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதைக் கழித்த பின் கிடைப்பது 2.1 மீட்டர். எனவே தளத்துக்கு மேல் ஏழு அடிக்குள்தான் கரும்பு ஏற்றலாம். ஏற்றும் ஆட்களிடம் மீட்டர் கணக்குச் சொல்லிப் பயனில்லை. பக்கவாட்டில் நடும் கம்புகளில் ஏழு அடிக்குச் சற்றுக் கீழே சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். வேறு ஆட்கள் ஏற்ற வந்தாலும் கோடு போதும்.

பாரம் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். சமதரையில் லாரியை நிறுத்தி, மிக உயரமான இடத்தின் மேல் ஒரு நேரான கழியைப் படுக்கையாக வைத்து, அதன் நுனியிலிருந்து தரை வரை டேப் பிடித்தால் உயரம் தெரிந்துவிடும். அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். இரவில், பனி மூட்டத்தில், தூக்கக் கலக்கத்தில் நினைவை நம்புவதைவிட அட்டையை நம்புவது நல்லது.

பலகை சரி, பாலம் இடிக்கிறது

பலகையில் உள்ள எண்ணுக்குக் குறைவாகப் பாரம் இருந்தும் இடிப்பதுண்டு. அதற்குக் காரணங்கள்:

• சாலையின் மேல் புதிதாகத் தார் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயரம் குறையும். பலகையில் பழைய எண்ணே இருக்கும்.

• சுரங்கப்பாதை இரு பக்கமும் சரிவாக இறங்கும். நீளமான லாரியின் முன் சக்கரம் எதிர்ச் சரிவில் ஏறும்போது பின் சக்கரம் இந்தச் சரிவிலேயே இருக்கும். அப்போது நடுப்பகுதி பள்ளத்தின் தரைக்கு மேல் கூடுதலாகத் தூக்கி நிற்கும்.

• பழைய வளைவுப் பாலங்களில் நடுவில்தான் உயரம் அதிகம். ஓரமாக ஒதுங்கினால் பாரத்தின் மூலை தட்டும்.

• சுரங்கப்பாதைக்கு முன்னால் நட்டிருக்கும் இரும்புத் தடுப்பு இடிபட்டு வளைந்திருக்கலாம், எடுக்கப்பட்டும் இருக்கலாம். தடுப்பு இல்லை என்பதால் பாலம் உயர்ந்துவிடவில்லை.

• மழைநீர் தேங்கியிருந்தால் பள்ளத்தின் ஆழம் தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதையில் எந்த வாகனத்தையும் இறக்க வேண்டாம்.

கைபேசியில் வழிகாட்டும் மேப் லாரியின் உயரத்தைக் கணக்கில் கொள்வதில்லை என்பதையும் வெளியூர் ஓட்டுநர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கம்பியில் எச்சரிக்கை

பாலத்தில் இடித்தால் பாரம் போகும். கம்பியில் பட்டால் உயிர் போகும். சாலைக்குக் குறுக்கே செல்லும் 11,000 வோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்திலும், வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும். சாலை இல்லாத வயல்வெளியில் 4.6 மீட்டர் இருந்தாலே விதிக்குப் போதும். 4 மீட்டர் உயர வைக்கோல் பாரத்தின் மேல் ஓர் ஆள் எழுந்து நின்றால் தலை 5.6 மீட்டருக்குப் போய்விடும். கம்பி தொய்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

ரயில் பாதைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். அந்தக் கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே தாக்கும். இரண்டு மீட்டருக்குள் எதுவும் போகக்கூடாது என்பது ரயில்வேயின் பாதுகாப்பு விதி. மின்மயமான பாதையின் கேட்களில் இரு பக்கமும் சுமார் 4.7 மீட்டர் உயரத்தில் இரும்புத் தடுப்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

பாரத்தின் மேல் ஆள் உட்கார்ந்து போவதையும், கிளீனர் மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிட்டு லாரியை நகர்த்துவதையும் அடியோடு நிறுத்த வேண்டும். தாழ்ந்து தொங்கும் கம்பியைக் கண்டால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தெரிவிக்கலாம்.

அமெரிக்காவிலும் இதே கதை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் டர்ஹம் நகரில் ஒரு ரயில்வே பாலம் இருந்தது. உயரம் 11 அடி 8 அங்குலம். எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். உயரமான லாரி வந்தால் கண்டறிந்து சிவப்பு விளக்கு எரியும் கருவியும் வைத்தார்கள். ஆனாலும் லாரிகள் இடித்துக்கொண்டே இருந்தன. அருகில் உள்ள அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் 2008 முதல் கேமரா வைத்துப் பதிவு செய்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட மோதல்கள் பதிவாகின. 2019-ல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதல் முற்றிலும் நிற்கவில்லை. தன் வண்டியின் உயரம் தெரியாதவருக்குப் பலகையில் உள்ள எண்ணால் பயனில்லை.

இடித்துவிட்டால்?

ரயில்வே பாலத்தில் லாரி வேகமாக இடித்தால் மேலே உள்ள தண்டவாளம் விலகியிருக்க வாய்ப்புண்டு. அடுத்து வரும் ரயிலில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். அபராதத்துக்குப் பயந்து லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது பெருங்குற்றம். அருகில் உள்ள கேட் அல்லது ரயில் நிலையத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள். 139 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். பாலத்தின் சுவரில் எழுதியுள்ள பால எண்ணைச் சொன்னால் இடத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ரயில்வே ஊழியர் வந்து பார்த்துச் சொல்லும் வரை லாரியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டாம்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: போகும்போது இடிக்காத லாரி, காலியாகத் திரும்பும்போது இடிக்குமா?

பதில்: இடிக்கலாம். பாரம் இறங்கியதும் பட்டை ஸ்பிரிங் நிமிர்ந்து லாரி சில அங்குலம் உயரும். கரும்புக்காக நட்ட கம்புகள் அப்படியே நின்றால் அவைதான் முதலில் மோதும். ஆலையிலேயே கம்புகளைப் பிடுங்கித் தளத்தில் படுக்கவைத்துத் திரும்புவது நல்லது.

கேள்வி: டயர் காற்றைக் குறைத்து நுழைந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். காற்றைக் குறைத்தால் கிடைப்பது ஓரிரு அங்குலம். பாரத்தோடு டயர் கெட்டு, சுரங்கப்பாதைக்குள்ளேயே லாரி நின்றுவிடும். மேல் வரிசைக் கரும்பை இறக்கி டிராக்டரில் தனியாக அனுப்புவதே செலவு குறைவு.

கேள்வி: நெல் அறுவடை இயந்திரத்தை லாரியில் ஏற்றி வரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: இயந்திரத்தின் கூரை, புகைக்குழாய், நெல் கொட்டும் குழாய் ஆகிய மூன்றில் எது உயரமோ அதை அளக்க வேண்டும். மடக்கக்கூடியதை மடக்கிக் கட்டிய பிறகு அளக்கவும்.

கேள்வி: எங்கள் ஊர் கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். உயரம் போதாவிட்டால் என்ன செய்வது?

பதில்: கட்டி முடித்த பின் உயர்த்துவது கடினம். கேட்டை மூட மாநில அரசின் சம்மதம் தேவை என்பதால், திட்டம் பேச்சில் இருக்கும்போதே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவின் நகலை ரயில்வேயின் திருச்சி கோட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். "உயரம் போதாது" என்று மட்டும் எழுதாமல், கரும்பு லாரி, வைக்கோல் டிராக்டர், அறுவடை இயந்திரம் ஆகியவற்றை அளந்து, எத்தனை மீட்டர் தேவை என்று எண்ணோடு எழுதுங்கள். மாற்றுப் பாதை எத்தனை கிலோமீட்டர் சுற்று என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.